பைகளைத் துழாவுபவள்

மூன்றாம் நாள் மாலைக்குள்
பள்ளியின் விளையாட்டுக் கூடம் கோட்டுகளால் நிறைந்துவிட்டது.
போகுமிவா அளவு பிரிக்கிறாள்.
ஸெனோன் பொத்தான் தைக்கிறார், நிறம் பொருந்தாமல்.
எனக்கு வாய்த்தவை பைகள்.
கொடுக்கும்முன் காலி செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

டிராம் சீட்டு. மூக்குச் சிந்திய தாள்.
‘பீட்ரூட், ஈஸ்ட், மருந்து, மறக்காதே’ என்று
யாரோ யாருக்கோ எழுதியது.
மறந்தார்களா, தெரியவில்லை.
ஒற்றைக் கையுறை; அதன் ஜோடி
போஸ்னானில் எந்தப் பெஞ்சிலோ நனைகிறது.
அப்புறம் கஷ்கொட்டைகள்,
பத்துக் கோட்டுக்கு ஒன்றிலாவது;
அக்டோபரில் பொறுக்கி, காரணமில்லாமல்
விரல்கள் உருட்டி உருட்டி
வழவழப்பாகிப் போனவை.

நேற்று ஒரு சாம்பல்நிறக் கோட்டில்
நான்காய் மடித்த ஐம்பது ஸ்லாட்டி.
“மறதி. உண்டியலில் போடு, சூப்புக்கு ஆகும்” என்றார் ஸெனோன்.
“மறதி இத்தனை ஒழுங்காய் மடிக்குமா?” என்றாள் போகுமிவா.
ஊசி நின்றது. அரைமணி வாக்குவாதம்.
கொடுத்தவர் பெயரை நாங்கள் எழுதுவதில்லை;
அந்த விதியைப் போட்டதே ஸெனோன்தான்.

இன்று வரிசை வாசலைத் தாண்டி, பனியில்.
சாம்பல் கோட்டை வாங்கியவர்
தோள் சரியா என்று பார்த்தார், கையைப் பைக்குள் விட்டார்,
நின்றார்.
எங்கள் மூவரையும் ஒவ்வொருவராய்ப் பார்த்தார்.
நான் காலிப் பெட்டி ஒன்றைக் கிளறினேன்.
ஸெனோன் நூலைக் கோத்தார்,
ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில்.

கையை வெளியே எடுக்காமலே
தலையசைத்துவிட்டுப் போனார்.
கஷ்கொட்டையையும் நான் எடுக்கவில்லை என்பது
நடக்கும்போது தெரிந்திருக்கும்.