உலைக் கணக்கு

மணிமுத்தாறு பட்டாலியனில்
மெஸ் ரைட்டர் நான்.
ராத்திரியில் அஞ்சல்வழி எம்.ஏ. வரலாறு, இரண்டாம் வருஷம்.

லீஜன் என்றால் ஐயாயிரம் ஆறாயிரம் பேர் என்று
போன வருஷம் எழுதி மார்க் வாங்கினேன்.
இந்த வருஷப் பாடத்தில் ஆயிரமாகிவிட்டது.
பெயர் மட்டும் சுருங்கவில்லை.
ஆற்றங்கரைகளில் நட்டுவைத்த எல்லைப்படை ஒன்று,
பேரரசன் பின்னாலேயே அலைகிற படை ஒன்று.
எல்லையில் நிற்கிறவனுக்கு மாற்றுக் குறைவு.

அந்த ஆயிரமும் நிஜமா என்று
அறிஞர்களுக்குள் தகராறு.
எகிப்துப் புழுதியிலிருந்து ஒரு ரசீது கிளம்புகிறது:
இன்ன படைக்கு, இத்தனை மாசத்துக்கு,
இத்தனை மரக்கால் வாற்கோதுமை.
வகுத்துப் பார்த்தால் நூற்றுச் சொச்சம் பேர்.

எனக்குச் சிரிப்பு.
எங்கள் கம்பெனி போர்டில் நூற்றிருபது.
கோர்ட் எஸ்கார்ட்,
திருச்செந்தூர் ஆவணித் திருவிழா பந்தோபஸ்து,
ஐயா வீட்டு நாயைக் குளிப்பாட்டப் போன ரெண்டு பேர்,
செத்தும் பெயர் அடிபடாத பூலுடையார்
எல்லாம் போக
உலையில் விழுவது அறுபத்தெட்டு பேருக்கு அரிசி.
பரேட் கணக்கில் கையெழுத்துப் போட அதிகாரி உண்டு.
பானைக்கு யாரும் போடுவதில்லை.

புரட்டாசியில் உத்தரவு வந்தது:
பாதிப் பேர் புதுப் பட்டாலியனுக்கு.
அண்ணன் தம்பி ரெண்டு பேரரசர்கள்
ஒரு கோடையில் உட்கார்ந்து
வயலுக்கு வரப்புப் போடுகிற மாதிரி
படையைப் பாகம் பிரித்ததை
அன்றைக்குத்தான் படித்திருந்தேன்.
அதே பெயர். ஒட்டு மட்டும்
இதற்கு மூத்தோர், அதற்கு இளையோர்.
மூத்தோரில்
மீசை முளைக்காதவனும் இருந்திருப்பான்.

ஒற்றைப்படை எண் இங்கே, இரட்டைப்படை அங்கே
என்றார் இன்ஸ்பெக்டர். பட்டியல் எழுதியது நான்.
மந்திரமூர்த்தி நாற்பத்தொன்று.
சொரிமுத்து நாற்பத்திரண்டு.
பதினோரு வருஷம் ஒரே டிரங்குப் பெட்டியில்
உடுப்பு வைத்தவர்கள்.
“நம்பரக் கொஞ்சம் மாத்திப் போடும்வே”
வந்து நின்றான் மந்திரமூர்த்தி.
மாற்றினால் வேறொரு ஜோடி உடையும்.
மாற்றவில்லை.
அதற்குப் பிறகு அவன் என்னிடம்
குழம்பு கேட்டதில்லை. தட்டை மட்டும் நீட்டுவான்.

அண்டா யாருக்கு என்று உத்தரவில் இல்லை.
லாரி வருவதற்குள் விறகுக்குப் பின்னால் தள்ளிவிட்டோம்.

அன்று ராத்திரி பழக்கத்தில் கை
அறுபத்தெட்டுக்கே அளந்துவிட்டது.
பதிவேட்டில் அரிசியை உள்ளபடி எழுதினேன்,
ஆளையும் உள்ளபடி: முப்பத்துநாலு.
ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து
எவனாவது வகுத்துப் பார்த்து
மணிமுத்தாற்றுக்காரனுக்கு
ரெண்டு வயிறு என்று எழுதிக்கொள்ளட்டும்.