பன்னிரண்டு கேன் வெள்ளம்

களியக்காவிளையில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர்.
குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம்,
பல் பிடுங்கிய பிறகு கொப்பளிக்க ஒரு கப் வெள்ளம்.
அதனால் ஞாயிறு விடியலில் நீரோடிக் கரையில் நின்று
“பன்னிரண்டு கேன் வெள்ளம் வேணும்” என்றதும்
தார்சியூஸ் பதறவில்லை.
சிரித்தார்.
“எங்கிட்ட மீனுக்குத்தான் வெலை பேசுவாங்க.
வெள்ளத்துக்கு வந்தது நீருதான்.”

அலை உடைகிற இடத்தில் கலங்கல்.
வள்ளத்தைத் தாண்டிக் கொண்டுபோய்
அடி தெரியாத நீலத்தில் மொண்டு வந்தார்.
காசு வேண்டாம்.
கீழ்த்தாடையைத் தொட்டுக் காட்டினார்:
இடப்பக்கம், கடைசிக்கு முந்தினது.

நாலடித் தொட்டி முந்தின நாளே
பாறசாலையிலிருந்து மினி வேனில் வந்திருந்தது.
சோதனைச் சாவடியில் ஒருவர் கண்ணாடியைத் தட்டி
உள்ளே என்ன என்றாராம்.
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குத்தான் பில்.

கிளினிக்கில் நோயாளிகள் அமரும் ஹாலில்
ஜன்னலோரம் இரண்டடியில் இருந்தது பழைய கடல்.
இடம் மாறும்போது
முதலில் போகவேண்டியது மீன் அல்ல,
பஞ்சு.
இரண்டு வருஷக் கசடு ஊறிய பஞ்சை
வில்பின் நல்ல பிள்ளையாய்க் குழாயடிக்கு எடுத்துப்போனான்.
கத்திவிட்டேன்.
அந்த அழுக்கில்தான் ஊர் இருக்கிறது, எடே.
கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம்
முன்னால் போய்க் குடியிருக்கவில்லை என்றால்
பளிங்குத் தண்ணீரில்
தம் மூத்திரத்திலேயே செத்துப்போகும் மீன்கள்.

மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை.
அது வேண்டாம், கொட்டியாயிற்று.
கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கினோம்.
வாங்கியது ஏழு உயிர்.
எண்ணினால் எட்டு.
கட்டைவிரல் நகம் பெரிதில், காலெல்லாம் மயிரோடு
பொந்துக்குள்ளிருந்து பார்த்தது ஒரு நண்டு.
காணாமல் போன இறால்களின் கணக்கு
அப்போதுதான் நேரானது.
அதையும் வாளியில் போட்டேன்.
வேறென்ன செய்ய.

மெடிக்கலில் வாங்கிய டிரிப் செட்டைத்
தொட்டிக்கும் வாளிக்கும் நடுவே தொங்கவிட்டு
நொடிக்கு மூன்று சொட்டாகப்
புதிய உப்பைப் பழக்கிக்கொண்டிருந்தபோது
கரண்ட் போயிற்று.
காற்று மோட்டார் நின்றது.
வில்பின் வாளிப் பக்கம் முட்டி போட்டு
கொப்பளிக்கும் கப்பால் மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினான், மொண்டு ஊற்றினான்,
நாற்பது நிமிஷம்.
உள்ளே அறையில் டாக்டர் ஜெனிஷா
பூசை முடிந்து வந்த சேலையோடு
செல்போன் வெளிச்சத்தில்
தார்சியூஸின் பல்லை அசைத்துக்கொண்டிருந்தார்.
இரண்டு அறையிலும் ஒரே சத்தம்:
“இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்.”

மூன்றரைக்கு வெளிச்சம் வந்தது.
மீன்கள் தொட்டிக்குள் போயின.
நாலடி கிடக்க
இடப்பக்கம் இரண்டடிக்குள்ளேயே சுற்றின,
இல்லாத கண்ணாடியில் திரும்பித் திரும்பி.

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்த தார்சியூஸ்
தன் வெள்ளத்தின் முன் நின்றார்.
அதற்குள் ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு பேர்,
அவர் வலையில் ஒருநாளும் விழாதவர்கள்,
விமானத்தில் கொச்சிக்கு வந்து இறங்கியவர்கள்.
கேட்காமலே விரலை முக்கினார்.
பஞ்சை எடுத்துவிட்டு நாக்கில் வைத்தார்.
நெற்றி சுருங்கியது.
மரப்பு ஊசி இறங்கிய பக்கம்,
முப்பது வருஷக் கடல் அங்கே இல்லை.
மறுபடி முக்கி
அடுத்த பக்கம் வைத்தார்.
“பஞ்சை எடுக்காதீங்க!” என்று உள்ளிருந்து சத்தம்.
கோணிய வாயால் சொன்னார்:
“கொள்ளாம்.”

மீட்டரிலும் பார்த்தேன்,
ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு ஐந்து.
நோட்டில் தேதி போட்டு, அளவு போட்டு,
சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் எழுதினேன்:
தார்சியூஸ், பாதி நாக்கு.