செத்தது எத்தனை

காலை ஆறரைக்குக் கூட்டுக்குள் இறங்குவேன்.
இடுப்பில் சாக்கு. வாயில் கொம்பிரசர்க் குழாய்.
அடிவலையில் மல்லாந்து கிடக்கும் கொடுவாக்களைப்
பொறுக்கி மேலே அனுப்புவது என் வேலை.
மிதவையில் குந்தியிருந்து நிமலதாஸ் எண்ணுவான்.
படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது:
செத்தது எத்தனை.

பதினெட்டு. முப்பத்தொன்று. நேற்று வெறும் நாலு.
சோளகம் அடங்கி வாடை தொடங்காத
அந்த அசையாத பத்து நாளில்
ஒரு விடியலில் இரண்டாயிரத்து நூறு.
சாக்குப் போதாமல் சீமெந்துப் பைகளில் அள்ளினோம்.
எங்கேயோ தாட்டதாகப் படிவம் சொல்கிறது.
கிடங்கு வெட்ட என்னை ஒருவரும் கூப்பிடவில்லை.

எஞ்சினுக்கு எடுத்த லீசிங் காசு
ஏழு தவணை நிலுவை. அதனால்தான் இறங்கினேன்.
இதைச் சொன்னால் பாசையூரில்
பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.
மீதிப்பேர் என் சைக்கிளைக் கண்டால்
கதையை நிறுத்துவார்கள்.
மரக்கோல் ஊன்றி அவர்கள் போய்வந்த வழியில்
இப்போது மிதவைக் கயிறு.
சுற்றிப் போக எண்ணெய் வேண்டும்.

கூட்டுக்குக் கீழே இரண்டு பாகம் தண்ணீர்.
முன்பு அங்கே சாதாளை,
சீவாத தலைமயிர் மாதிரி
நீரோட்டம் போகிற பக்கம் சாய்ந்து கிடக்கும்.
அதற்குள் ஓராக்குஞ்சு, இறால், மட்டி,
எனக்குப் பெயர் தெரியாத பொடிசுகள்.
இப்போது தின்னாமல் விழுந்த தீனியும்
தின்றவை கழித்ததும் சேர்ந்து
முழங்கை மட்டும் கறுப்பு.
கை வைத்தால் உள்ளேயிருந்து குமிழி வருகிறது,
கிழங்கு அவியும் பானை போல.

மருந்து கலந்த தீனி போடும் நாளில்
எனக்குக் கையுறை தருவார்கள்.
கடலுக்கு ஒன்றும் தருவதில்லை.

அந்தத் தீனிக்குச் சூடை வண்டி வண்டியாய் அரைபடுகிறது.
மெற்றில்டா கேட்டாள்:
‘எங்கட சட்டிக்கு வர வேண்டிய சூடையையோ
உங்கட துரைமீன் தின்னுது?’

மெற்றில்டா என் மனைவிக்குத் தமக்கை.
வத்துத் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து
கையால் தடவி இறால் பிடிப்பவள்.
கூட்டைக் கிழித்துத் தப்பிய கொடுவா ஒன்று
அவளிடம் வந்து சேர்ந்தது. வெட்டினாள்.
வயிற்றுக்குள் அவளுடைய இறால், பன்னிரண்டு.
பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.
நான் ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை.
ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றைக் கீழே நிரப்பி
அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக் கட்டில்
வைத்துவிட்டு வந்தேன்.

சங்க மண்டபத்தில் கூட்டம்.
இன்னும் அறுபது கூட்டுக்கு அனுமதி வேணுமாம்.
கொம்பனி ஐயா சுவரில் படம் காட்டினார்.
படத்தில் கடல் நீலம்.
எங்கள் கடல் ஒருநாளும் நீலமாயிருந்ததில்லை,
அரிசி கழுவின நிறம்.
‘வேலைவாய்ப்பு’ என்றார். என்னை எழும்பச் சொன்னார்.
எழும்பினேன்.
ஒருவர் கைதட்டினார், பிறகு நிறுத்தினார்.

அப்போதுதான் மெற்றில்டா முன்னுக்குப் போய்
மேசையில் போத்தலை வைத்து
மூடியைத் திருகினாள்.

கூழ்முட்டை மணம். மின்விசிறி அதை
எல்லா வரிசைக்கும் சமமாகப் பங்கிட்டது.
அதிகாரி லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.
‘எங்கை எடுத்தது? ஆர் எடுத்தது?’
நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.
இருக்கச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள்.
‘கடலுக்கை’ என்றாள். ‘வேறை எங்கை?’
‘மூடுங்கோ அம்மா, மூடுங்கோ.’

மூடியைப் பேர்சுக்குள் போட்டுக்கொண்டு
அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முடிவு அடுத்த மாதமாம்.
திங்கள் காலை இறங்கினேன். சாக்கு நிரம்பவில்லை.
மேலே வந்து குழாயைக் கழற்றியபோது
நிமலதாஸ் பேனையோடு பார்த்தான்.
‘எத்தினை?’
‘எதிலை?’ என்று கேட்டேன்.