சேணத்தில் ஒரு சைக்கிள்

இரவில் உறைந்த சேறு
விடியலில் தார்ச்சாலை மாதிரி இருக்கும்.
எட்டு மணி வரைதான் அந்தக் கருணை.
அதற்குள் பாலத்தைப் பிடித்துவிட வேண்டுமென்று மிதித்தேன்.
டயருக்கடியில் குட்டைகள்
கண்ணாடி கண்ணாடியாய் நொறுங்கின.
வழியோரம் பனியைத் துளைத்து
பைச்செச்சேகெய்ப் பூக்கள்,
நேற்றுப் பிறந்த கன்றைப்போல
நிற்கவா விழவா என்று.

பாலம் என்பது பழக்கத்தில் சொல்வது.
பாலம் போன வருட வெள்ளத்தோடு போயிற்று,
பெயர் மட்டும் கரையில் நிற்கிறது.
அங்கே துமார் காத்திருந்தாள்,
அண்ணன் ஏசெனின் செம்பழுப்புக் குதிரைமேல்.
இரண்டு ஜோடி சறுக்குக் கட்டைகள் சேணத்தின் இருபுறமும்,
கொம்புகள் இடம் மாறி முளைத்ததுபோல.

எங்கள் பள்ளத்தாக்கில் குதிரைக்குப் பெயர் வைப்பதில்லை.
நிறம்தான் பெயர்.
கோபம் வந்தால் மட்டும் வேறு பெயர்கள் உண்டு.

காலையில் ஆறு முழங்கால் அளவு.
தோளில் சைக்கிளோடு கடந்தேன்,
கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே.

ஒன்பதுக்கெல்லாம் மலை இளகத் தொடங்கியது.
மண்ணும் பழம்புல்லும் அப்பி
என் சக்கரங்கள் இரண்டு பானைகளாயின.
தள்ளினேன். தூக்கினேன். திட்டினேன்.
துமார் ஒன்றும் பேசாமல் இறங்கினாள்,
கட்டைகளை அவிழ்த்து எனக்கொரு ஜோடி தந்தாள்,
சைக்கிளைச் சேணத்தின்மேல் படுக்கவைத்து இறுக்கிக் கட்டினாள்.
குதிரை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது.
பிறகு கணக்குக் கேட்கப் போகிறவளின் பார்வை.

பனிக்கோடு என்று வரைபடத்தில் இருக்கிறது.
நேரில் கோடெல்லாம் கிடையாது.
புல் ஒரு சாண் முன்னேறும், பனி இரண்டு முழம் பின்வாங்கும்,
மறுபடி நிழலில் வந்து உட்கார்ந்துகொள்ளும்,
பங்காளிகளின் வரப்புத் தகராறு.
அந்தத் தகராறுக்கு நடுவில்
கடிவாளத்தைக் கழுத்தோடு முடிந்து
பின்புறம் ஒரு தட்டு தட்டினாள்: வீட்டுக்குப் போ.

"சைக்கிள்?"
"ஏசென் இறக்கிக்கொள்வான்."

அவனிடம் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பிறகு மேலே, மேலே.
சறுக்குக் கட்டையின் அடியில் ஒட்டிய பட்டை
பனியோடு கிசுகிசுத்துக்கொண்டே வந்தது.
எங்கோ ஒரு மர்மோட் விசிலடித்தது,
ஆறு மாதத் தூக்கம் கலைந்த எரிச்சலில்.
கணவாயில் ஆளுக்கொரு குருத் உருண்டை,
கல்லாய் இறுகிய தயிர், வாயில் உப்பாய்க் கரைந்தது.
மே மாதம் மாஸ்கோ போகிறேன், என்றாள் துமார்.
கிடங்கு வேலை.
எந்தத் திசை என்று கேட்டேன்.
கட்டையின் நுனியால் காட்டினாள். அங்கேயும் மலைதான் தெரிந்தது.

மேல்பனி ஒரு விரற்கடை மட்டும் ரவை ரவையாய் நெகிழ்ந்திருந்தது.
அடியில் இரும்பு.
இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்தால்
சரிவு மொத்தமும் எங்களோடு கிளம்பி வந்துவிடும்.

இறங்கினோம் என்று சொன்னால் தப்பு.
எங்கள் காலடியிலிருந்து
மலை தன்னை உருவிக்கொண்டது.
துமார் கத்தினாள், வார்த்தை இல்லாமல்,
அந்தக் குரல் எனக்கு முன்னால் பாறைக்குப் போய்
என்னைத் தாண்டித் திரும்பி வந்தது.

அடுத்த பள்ளத்தாக்கில்
ஒரு மேய்ப்பனின் தகர வண்டி வீடு.
அவன் பெயரைக் கேட்க மறந்து மூன்று கிண்ணம் தேநீர் குடித்தோம்.
கைபேசிக்கு உயிர் வந்தது:
தவறிய அழைப்புகள், நாற்பத்தொன்று.

ஏசென் அழுகிறானா திட்டுகிறானா தெரியவில்லை.
எட்டுப் பேர் மண்வெட்டியோடு ஆற்றங்கரையில் நிற்கிறார்களாம்.
மத்தியான வெயிலில் ஆறு ஏறிவிட்டதாம்,
கடக்க முடியவில்லையாம்.
குதிரை மட்டும் நெஞ்சளவு நீரில் நீந்தி,
முற்றத்துக்குள் தனியாக நடந்து வந்ததாம்.
ஆறு கழுவிய சைக்கிள் அதன் முதுகில்
புதிதுபோல் பளபளத்ததாம்.
என் அம்மா அலறியது அதற்காக இல்லையாம்,

பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாம்.