எர்த்

விற்கும்போது ஓவாந்தோ சொன்னான்:
"ஒருநாளும் நின்றதில்லை."
நின்றது.
புவெர்த்தோ நத்தாலெஸில் மீன் ஆலை ஷிஃப்ட் முடிந்து
காற்று ஆளைத் தள்ளும் கடலோரச் சாலையில்
முகப்பு விளக்கு மஞ்சளாகி
தேயிலை நிறமாகி
இல்லையாகி.

எதெல்மிராவின் கொட்டகை. இரவல் மீட்டர்.
புது பேட்டரி, பன்னிரண்டரை.
முறுக்கினால் பதினாலைத் தொடவேண்டும்;
பதினொன்று புள்ளி ஒன்பதுக்கு இறங்கியது.
காயில் செத்துவிட்டது என்று பந்தயம் கட்டினேன்.
மூன்று மஞ்சள் ஒயர்,
எந்த இரண்டைத் தொட்டாலும் ஐம்பத்தைந்து.
ஒரு பொட்டலம் மாத்தே தோற்றேன்.
கடன் வாங்கி ரெகுலேட்டரை மாற்றினோம்.
அதே பதினொன்று.

ஓடும் எஞ்சினில் அவள்
ஒரு முனையை பேட்டரி மைனஸிலும்
மறுமுனையை ரெகுலேட்டரின் உடம்பிலும் வைத்தாள்.
சுழியம் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு.

எர்த் போல்ட்டைக் கழற்றினோம்.
அடியில் பெயிண்ட்.
என்னை வாங்கவைத்த அதே பச்சை,
இரண்டு கோட்,
ஓரிடம் விடாமல்.
ஓவாந்தோ பொய் சொல்லவில்லை.
எனக்காக அழகாக்கும்வரை
நின்றே இருக்காது.

உப்புத்தாளால் தேய்த்தேன்,
நூறு பெசோ அளவுக்கு
வெறும் இரும்பு.

பதினாலு புள்ளி இரண்டு.
எதெல்மிரா சும்மா ஹார்னை அடித்தாள்.
தெரு நாய்கள் எல்லாம் எழுந்துகொண்டன.

இடது இண்டிகேட்டர் இன்னும் எரியவில்லை.
அது ஞாயிற்றுக்கிழமைக்கு.