மூன்றடைப்புக்கு முன்னால்

வண்ணார்பேட்டையில் செல்வினுக்கு வைத்த பேனர்
ஐப்பசி முழுக்க நனைந்தது.
கூலிங் கிளாஸ் போட்டு
கருப்புக் காரின் மேல் சாய்ந்து நிற்கிறான்.
இருபத்திரண்டு வயது. கண்ணீர் அஞ்சலி.
காருக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது,
அதற்கு எட்டு மாதம்.

அந்த ஞாயிறு, சித்தி மகன் மந்திரமூர்த்தி
சாவியைத் தூக்கி என் மடியில் போட்டான்.
"கொச்சியில எடுத்தது. இருநூத்தம்பது குதிரை.
மழையில இது என்ன செய்யும்னு
எனக்கே தெரியாது உலகு."

டயர் கடையில் வேலை எனக்கு.
ஒரு ரூபாயை டயரின் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
பள்ளமே இல்லை, ரூபாய்
நெற்றிப்பொட்டு மாதிரி வெளியே நின்றது.
ஸ்பாய்லருக்கு நாற்பதாயிரம் கொடுத்தவன்
டயருக்கு மூக்கால் அழுதான்.
அழட்டும் என்று நான்கையும் கழற்றினேன்.
இருநூற்றைம்பது குதிரையும் தரையைத் தொடுவது
நாலு உள்ளங்கை இடத்தில்தான்.

கங்கைகொண்டான் சிப்காட்டில்
இன்னும் கம்பெனி வராத ஒரு சாலை.
மழை விட்ட காலையில்
காலி ஆயில் வாளிகளை வரிசையாய் வைத்தோம்.
முப்பது. நாற்பது. மிதி.
ஏபிஎஸ் காலடியில் தவளைபோல் துடித்தது.
வளைவில் வேண்டுமென்றே கொஞ்சம் கூடக் கொடுத்தேன்,
பின்பக்கம் எங்களை முந்திப் போகப் பார்த்தது.
டாஷ்போர்டில் மஞ்சளாய் ஒரு குட்டிக் கார்
பாம்புத் தடம் விட்டு மின்னியது.
வாளியைப் பார்த்தால் வாளிக்கே போனது.
வாளி இல்லாத இடத்தைப் பார்த்தால் அங்கே.
இது கண்ணுக்குப் புரிய
ஒன்பது வாளி நசுங்கியது.
விசிலடித்து வந்த செக்யூரிட்டி
"சர்க்கஸா நடத்துதிய?" என்றார்.

கார்த்திகையில் வள்ளியூரில் ஒரு கல்யாணம்.
முதல் நாள் ராத்திரி, நான்குவழிச் சாலை,
நான் ஓட்டுகிறேன், முள் எழுபதில்.
எல்லாரும் எங்களை முந்தினார்கள்.
வாழைத்தார் ஏற்றிய குட்டியானைகூட.
மந்திரமூர்த்திக்கு அதுதான் தாங்கவில்லை.
"அவன் நம்மளப் பாவமா பாக்கான்ட்டி."

மூன்றடைப்புக்கு முன்னால்,
குளம் மறுகால் பாயும் இடம்.
ஆம்னி பஸ் ஒன்று வாரி இறைத்துப் போனது.
கண்ணாடி முழுக்க வெள்ளை.
வைப்பர் ஒருமுறை போய்வருவதற்குள்
ஸ்டீயரிங் கையில் எடையிழந்தது,
கிணற்றில் வாளி கழன்ற
கயிறு போல.

தார்ச்சாலையின் இரைச்சல் நின்றுபோனது.
எனக்கு மறக்காதது அந்த அமைதிதான்.

"ஏட்டி உலகு, பிரேக்க மிதி!"

மிதிக்கவில்லை.
திருப்பவுமில்லை.
கால் மட்டும் மெல்ல மேலே வந்தது,
தூங்கும் பிள்ளையின் தலைக்கடியிலிருந்து
கையை உருவுவதுபோல.
நடுத்திட்டு அரளியைப் பார்க்காதே.
வெள்ளைக் கோட்டைப் பார்.
எதையாவது செய், எதையாவது செய் என்று
உடம்பு முழுக்கக் குரைக்கிறது.
சும்மா இருக்க இவ்வளவு பலம் வேண்டும் என்று
எந்த டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லவில்லை.

ஒன்று.
ஒன்றரை.

டயர் தரையைக் கண்டுபிடித்தது.
கயிறு மறுபடி கனத்தது.

நாங்குநேரி டீக்கடை வரை பேச்சில்லை.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.
"நான் மிதிக்கச் சொன்னனா?"
"சொன்ன."
"நீ மிதிக்கல."
"இல்ல."
இன்னும் ரெண்டு வடை கேட்டான்.

குட்டியானைக்காரரும் அங்கேதான் நின்றார்.
எங்கள் காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு,
"இம்புட்டுப் பெரிய வண்டிய வச்சிக்கிட்டு
இப்படியா உருட்டுவிய?"

"ஆமாண்ணே," என்றான் மந்திரமூர்த்தி,
"மழைல்லா."

குரலில் வெட்கம் இருக்கிறதா என்று கவனித்தேன்.
வாய் நிறைய வடை இருந்தது.