புளிச்சக்கீரைக்குச் சாட்சி

சஜா. பதினோராம் நம்பர் கேம்ப்பின் மொட்டை மாடி.
நாற்பத்திரண்டு ஏ.சி. கழிக்கிற தண்ணீர்
நாற்பத்திரண்டு குழாயில் சொட்டுகிறது.
அதில் ஒன்பதை
பெயிண்ட் வாளிகளுக்குத் திருப்பிவிட்டான் வாஞ்சாலா.

கென்யாக்காரன்.
இரவெல்லாம் அலுமினிய கோடவுனுக்குக் காவல்.
விடிந்து வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
செடிக்கு முன்னால் குந்திவிடுவான்.
போனில் ரெகே.
சத்தம் குறைவாக, அது தூங்குகிறவர்களுக்கு மரியாதை.
போன் எவர்சில்வர் டம்ளருக்குள், அது பாட்டுக்கு.

நான் அருமைநாதன், ஏ.சி. மெக்கானிக்.
உள்ளே இருக்கும் வெக்கையை அள்ளி
வெளியே கொட்டுகிற வேலை.
எனக்குப் பாட்டென்றால்
முதல் தட்டிலேயே ஆளைத் தூக்க வேண்டும்.
இவன் பாட்டில் முதல் தட்டையே காணோம்.
"எங்கே போச்சு?" என்றேன்.
"அங்கேதான் இருக்கு. யாரும் அடிக்கல" என்றான்
எங்கள் இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில்.

இல்லாத படியில் கால் வைத்தவனாய்
இரண்டு வாரம் தடுமாறினேன்.
பிறகொரு நாள் கம்ப்ரஸர் போல்ட்டைத் தட்டும்போது
ஒன்று சும்மா, இரண்டு சும்மா,
மூன்றில் விழுந்தது ஸ்பேனர்.

மன்னார் ஞானசீலன் பாட்டுக்காக மேலே வந்தவன்,
ஒரு மாலத்தீவு மிளகாயை நட்டுவிட்டுத்தான் இறங்கினான்.
ரோடெல் கொண்டுவந்தது வள்ளைக்கீரை.
வாஞ்சாலாவின் சுகுமா
ஜூன் காற்றில் ஒரே மத்தியானத்தில் காகிதமாகிவிட்டது,
அன்றைக்கு அவன் பாட்டே போடவில்லை.
நின்றது வெண்டை, தண்டுக்கீரை,
அப்புறம் புளிச்சை.
ஓபுலேசு அனந்தப்பூர் போய்த் திரும்பியபோது
பஸ் டிக்கெட்டில் மடித்து வந்த விதை.

ஆகஸ்டில் இங்கே காற்றுக்கே வேர்க்கும்.
குழாய்கள் சொட்டுவதை விட்டு ஓடத் தொடங்கும்.
எங்களுக்கு அதுதான் மழைக்காலம்.
புளிச்சை இடுப்புயரம் வந்தது
ஆகஸ்டில்தான்.

கேம்ப் பாஸ் ஷெர்பாஸ் மேலே வந்ததும்
ஆகஸ்டில்தான்.

ரெகே கேட்டது அவருக்கு.
இலையைப் பார்த்தார்:
ஐந்து விரல், விளிம்பெல்லாம் பல்.
இரண்டையும் கூட்டிக்கொண்டார்.
அந்தப் பெயரை இந்த ஊரில்
யாரும் முழுசாய்ச் சொல்வதில்லை,
அவரும் சொல்லவில்லை.
போனை எடுத்து
இலையைப் படம் பிடித்தார்,
வாஞ்சாலாவையும் பிடித்தார்.

டம்ளருக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.
நிறுத்தினால் குற்றவாளி போலிருக்கும்.
ஓடவிட்டாலும் அப்படித்தான் இருந்தது.

நான் நான்கு இலை பறித்தேன்,
கழுவாமல் வாயில் போட்டு மென்றேன்.
"சப்ஜி சார்" என்றேன் பச்சைப் பல்லோடு.
நம்பவில்லை.
ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து
என் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்
கால் மணி நேரம்,
ஏதாவது ஏறுகிறதா என்று.

ஏறியது வெயில்தான்.

கடைசியில் தானே ஒரு நுனியைக் கிள்ளிக் கடித்தார்.
ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.
"கட்டா!"
படங்களை அழித்தார்.
ஒரு கைப்பிடி பறித்துச் சட்டைப்பையில் திணித்தார்.
படியிறங்கும்போது திரும்பிச் சொன்னார்:
"வெள்ளிக்கிழமைக்குள் இந்தச் செடி இருக்கக் கூடாது.
கீரைதான், தெரியும்.
ஆனால் பார்க்க அப்படி இருக்கே."

வாஞ்சாலா சிரித்தான்,
சிரிப்பு மாதிரி இல்லை.
"என்னையும் அப்படித்தான் சொல்வார்கள்" என்றான்.

வெள்ளி.
வேரோடு பிடுங்கி, பூண்டும் வரமிளகாயும் போட்டுக் கடைந்தோம்.
அவன் மக்காச்சோள மாவைக் கிளறி உருட்டினான்.
ஞானசீலன் மிளகாய் ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு
அழுகிறானா ஆடுகிறானா என்று தெரியாமல் நின்றான்.

அந்த வாளியை எடுத்துவிடலாமா என்றான் ரோடெல்.
கிடக்கட்டும் என்றேன்.
வெறும் மண்ணில் சொட்டியது தண்ணீர்.

திங்கள் காலை ஷெர்பாஸ் மறுபடி வந்தார்.
ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்தார்,
வெறும் வாளியிடம் கொஞ்சம் நின்றார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்:
"அந்தப் புளிப்பு... இன்னும் இருக்கா?
வீட்டுக்காரி கேட்டாள், வீடியோவில் காட்டினேன்."

வாஞ்சாலா நிமிரவில்லை.
வெண்டையில் பூச்சி தேடியபடியே
டம்ளருக்குள் விரலை விட்டு
சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினான்.